பாதியில விட்ட டிகிரியைத் திரும்பப் போய் முடிக்கிறது

எங்கட திருகோணமலைப் பக்கத்தில "டிகிரி முடிச்சிட்டீங்களா" எண்டு கேட்டா கனபேர் சொல்ற பதில் ஓம் எண்டும் இல்ல, இல்லை எண்டும் இல்ல. "செய்தனான், பிறகு விட்டுட்டன்" எண்டுதான் சொல்லுவாங்க. உப்புவெளியில, பாலையூற்றில, மூதூர்ல, கிண்ணியாவில எனக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு ஒழுங்கையிலயும் அப்பிடி ஒருத்தராவது இருக்கிறாங்க. நானும் அதில ஒரு ஆள். 2003ல வெளிவாரியா, அதாவது பல்கலைக்கழக வகுப்புக்குப் போகாம வெளிய இருந்து படிச்சுச் சோதினை எழுதுற முறையில, பி ஏ பதிஞ்சன், முதல் பகுதி பாஸ் பண்ணினன், 2006ல விட்டன், 2019ல திரும்பிப் போனன், 2023ல முடிச்சன். இதில என்ட கதை கொஞ்சம்தான் வரும். இந்தப் படிப்பு முறை எப்பிடி ஓடுது, ஏன் இத்தின பேர் நடுவழியில நிக்கிறாங்க, திரும்பிப் போகேக்க எது கையில மிஞ்சி இருக்கும் எது போயிருக்கும் எண்டதைத்தான் எழுதப் போறன், ஏனெண்டா இதை எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல, அதால மட்டும் எனக்கு ஒண்டரை வருசம் வீணாப் போச்சு.

முதல்ல வெளிவாரிக்கு ஏன் இவ்வளவு கூட்டம் எண்டு பார்ப்பம். பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதினையான ஏ எல்ல மூண்டு பாடமும் பாஸ் எண்டா கம்பசுக்குத் தகுதி வரும், ஆனா தகுதி வேற இடம் வேற. தகுதி வாறவங்கள்ல கால்வாசிப் பேர் அளவுக்குத்தான் அரச பல்கலைக்கழகங்கள்ல இடம் இருக்கு, அதுக்கும் மூண்டு தரம்தான் முயற்சி செய்யலாம். 2001ல இருந்து தெரிவு இசட் ஸ்கோர்ல, அதாவது பாடத்துக்குப் பாடம் கஷ்டம் மாறுறதைச் சரிப்படுத்தின புள்ளியில. கோட்டா 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசையில, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டங்களுக்கு, அந்த 16ல திருகோணமலையும் ஒண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா இந்த மாவட்டக் கணக்கு சயன்ஸ், மெத்ஸ், கொமர்ஸ் பிள்ளையளுக்குத்தான் கை குடுக்கும், ஆர்ட்ஸ்காரருக்கு அகில இலங்கைத் தரவரிசைதான். எங்கட பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல கனக்க இருக்கிறது ஆர்ட்ஸ் வகுப்பு, சயன்ஸ் ரீச்சரே இல்லாத பள்ளிக்கூடங்கள். அப்ப யாருக்கு அந்தக் கோட்டா தேவையோ அவங்கள்ல கனபேருக்கு அது போய்ச் சேராது. அவங்கதான் வெளிவாரியாப் பதியிறாங்க, இல்லாட்டி திறந்த பல்கலைக்கழகம்.

உள்வாரிக்கும் வெளிவாரிக்கும் பட்டத்தில வித்தியாசம் இல்ல, வாழ்க்கையிலதான் வித்தியாசம். கல்வி மந்திரி கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி 1945ல இருந்து உள்வாரிப் பிள்ளைக்கு வகுப்புக் கட்டணம் இல்லாமப் பண்ணி வச்சிருக்கு, ஹொஸ்டல் இருக்கு, மகாபொல உதவிப்பணம் இருக்கு, லெக்சரர் இருக்கிறார், கூடப் படிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. வெளிவாரி ஆளுக்குப் பதிவுக் காசும் சோதினைக் காசும் தன்ட கையால, பாடத்தை ரியூட்டரியிலயோ தானாவோ படிக்க வேணும், பல்கலைக்கழகம் அவரைக் கண்ணால காணுறது சோதினை மண்டபத்தில. இதில இன்னொண்டு இருக்கு, அதை நான் விட்டுப் பிறகுதான் விளங்கினன். உள்வாரிப் பிள்ளை ஒரு மாசம் வராட்டி அறையில கூட இருக்கிறவன் தேடுவான், வீட்டுக்குக் கோல் எடுப்பான். வெளிவாரி ஆள் மூண்டு வருசம் வராட்டியும் ஒரு கடிதம் வராது. உள்ள வாறதுக்கும் லேசு, வெளிய விழுறதுக்கும் லேசு, விழுந்தது ஒருத்தருக்கும் தெரியாது. "நான் படிப்பை நிப்பாட்டுறன்" எண்டு ஒரு நாள் முடிவெடுத்து விட்ட ஆளை நான் இன்னும் சந்திக்கேல்ல. "அடுத்த முறை எழுதுவம்" எண்டு சொல்லிச் சொல்லியே பத்து வருசம் போயிருக்கும்.

திருகோணமலையில அந்த "அடுத்த முறை" வராமப் போனதுக்குக் காரணமும் கனக்க இருந்தது. எங்கட வீடு அப்ப மூதூர்ல. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாத காலம், வகுப்புக்கு வாறதெண்டா மூதூர் இறங்குதுறையில லாஞ்ச் ஏறி கடலால ரவுணுக்கு வரவேணும், கடைசி லாஞ்சைப் பிடிக்க வேணும் எண்டு வகுப்பு முடிய முன்னமே எழும்பி ஓடுவம், சேர் கடைசியாச் சொன்ன பகுதி எப்பவும் எங்களுக்கு இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து முடிய மற்ற வருசம் முதல் பகுதிச் சோதினை எழுதினன், பாசாகினன். 2006 ஓகஸ்ட்ல மூதூர்ல சண்டை, சனம் எல்லாம் கந்தளாய்ப் பக்கம் நடந்தது, நாங்களும். நோட்ஸ் எல்லாம் வீட்டோட போச்சு. கையில எடுத்தது அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அம்மான்ட மருந்து, அவ்வளவுதான். பிறகு கல்யாணம், ரெண்டு பிள்ளையள், அவர் கட்டார் போனார். எங்கட மாவட்டத்தில இதில ஒண்டு ரெண்டையாவது மாத்திப் போட்டா இன்னொருத்தின்ட கதை வரும். அதால "பாதியில விட்டவ" எண்டு சொல்லேக்க ஏலாத பிள்ளை எண்ட மாதிரி ஒரு தொனி வருமே, அது எனக்குக் கோபத்தைத் தரும். படிக்க ஏலாம விட்டவங்க கொஞ்சப் பேர், படிக்கச் சூழ்நிலை விடாததால நிண்டவங்கதான் கனபேர்.

2009 ஒக்டோபர்ல கிண்ணியாப் பாலம் திறந்தாங்க, 396 மீற்றர், அப்ப இலங்கையிலேயே நீளமான பாலம். பிறகு ஏ 15 ரோட்டில மற்றப் பாலங்களும் வந்து மூதூரையும் மட்டக்களப்பையும் ரோட்டால சேர்த்தது. பாலத்தைப் பற்றிக் கதைக்கிறவங்க வியாபாரத்தைச் சொல்லுவாங்க, மீனைச் சொல்லுவாங்க. எனக்கு அது வேலை முடிஞ்சு பின்னேர வகுப்புக்குப் போயிட்டு இரவு வீட்ட வந்து படுக்கலாம் எண்ட விசயம். மூதூர்ப் பக்கத்து அக்காமார் நாலைஞ்சு பேர் திரும்பப் படிக்கத் தொடங்கினதுக்கு அந்தப் பாலமும் ஒரு காரணம் எண்டு அவங்களே சொல்லியிருக்கிறாங்க.

வெளிவாரி எண்டா ரெண்டாந்தரம் எண்டு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய விசயம் சொல்லவேணும். லண்டன் பல்கலைக்கழகம் 1858ல இருந்து வெளிவாரியாப் பட்டம் குடுத்துக்கொண்டு வருது. இலங்கையில 1942 வரைக்கும் சொந்தமாப் பல்கலைக்கழகமே இல்ல, 1921ல கொழும்பில தொடங்கின யுனிவேர்சிற்றி கொலிஜும் பிள்ளையளை அந்த லண்டன் சோதினைக்குத்தான் ஆயத்தப்படுத்தினது. காரைதீவில பிறந்த மயில்வாகனம், அதுதான் பிறகு விபுலானந்த அடிகள், கல்லூரியில படிப்பிச்சுக்கொண்டே ஒவ்வொரு சோதினையா எழுதின மனுசன். 1916ல மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் சோதினை, 1920ல லண்டன் பி எஸ்ஸி, அப்ப அவருக்கு 28 வயசு, யாழ்ப்பாணத்தில அதிபர் வேலை. பிறகு எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியிலயும் அதிபரா இருந்தார், 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில முதல் தமிழ்ப் பேராசிரியர். வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறது எங்கட மண்ணுக்குப் புதுசில்ல. இப்ப ஒரு தாய் அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வந்து அரசறிவியல் படிக்கிறாளெண்டா அவளும் அந்த வரிசையிலதான் நிக்கிறாள்.

சரி, திரும்பிப் போறதெண்டா எங்க போறது. ரெண்டு வாசல் இருக்கு. ஒண்டு நீங்க விட்ட அதே பல்கலைக்கழகம். மற்றது திறந்த பல்கலைக்கழகம், 1980ல தொடங்கினது, நாவலயில தலைமையிடம், எங்களுக்குக் கிட்ட மட்டக்களப்பில பிராந்திய நிலையம். அதின்ட பட்டத்துக்கு மற்ற அரச பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிற அதே சட்ட மதிப்பு இருக்கு. ஏ எல் இல்லாத ஆளுக்கும் அங்க அடிப்படைக் கற்கைநெறி ஒண்டு படிச்சு ஏறி வர வழி இருக்கு, அதுக்கு முந்தின ஓ எல் சோதினையோட நிண்ட ஆக்கள் இதை அறியாம இருக்கிறதுதான் எனக்குப் பெரிய கவலை. வெளிவாரி மாதிரி கடைசிச் சோதினை மட்டும் இல்ல அங்க, வருசம் முழுக்க அசைன்மென்ட், டே ஸ்கூல் எண்டு இழுத்துக்கொண்டே போவாங்க, அசைன்மென்ட்ல தகுதிப் புள்ளி வராட்டி இறுதிச் சோதினைக்கு இருக்கேலாது. கனபேர் இதைத் தொல்லை எண்டு சொல்றாங்க. நான் அப்பிடி நினைக்கேல்ல, நாப்பது வயசில படிக்கிறவங்களுக்கு அப்பிடி ஒரு கயிறு தேவை, எனக்கு அது இல்லாததாலதான் முதல் தரம் நழுவினது. ஒண்டு பார்க்கவேணும், எல்லாக் கற்கைநெறியும் தமிழ்ல இல்ல, சிலது ஆங்கிலத்தில மட்டும், பதிய முன்னம் மொழியைக் கேட்டுப் போட்டுப் பதியுங்க.

இப்ப முக்கியமான கணக்கு. 2012ல இலங்கைத் தகைமைச் சட்டகம் எண்டு ஒண்டு கொண்டுவந்தாங்க, எல்லாப் படிப்பையும் 12 மட்டமாப் பிரிச்சு கிரெடிட்ல அளக்கிற முறை. அதில 30 கிரெடிட் எண்டா டிப்ளோமா, 60 உயர் டிப்ளோமா, 90 சாதாரண பட்டம், 120 சிறப்புப் பட்டம். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலப் படிப்பு, வகுப்பு, வாசிப்பு, எழுத்து, சோதினை ஆயத்தம் எல்லாம் சேர்த்து. முழுநேரப் பிள்ளை வருசத்துக்கு 30 கிரெடிட், அப்பிடியெண்டா 1500 மணித்தியாலம், கிழமைக்கு 29 வரும். வேலையும் வீடும் உள்ள ஆளுக்கு இது நடக்கிற காரியமில்ல. அதில பாதி, 15 கிரெடிட், 750 மணித்தியாலம், கிழமைக்கு 14 சொச்சம், நாளுக்கு ரெண்டு மணித்தியாலம். இந்த "நாளுக்கு ரெண்டு மணி" கையில இருக்கா எண்டு பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்திடும். இருந்தா 90 கிரெடிட்டுக்கு ஆறு வருசம், முதலே ஒரு 30 கையில இருந்தா நாலு வருசம். வேற மந்திரம் ஒண்டும் இல்ல. ஆறு மாசத்தில முடிச்சுத் தாறம் எண்டு காசு கேக்கிற ஆக்களும் இருக்கிறாங்க, இந்தக் கணக்கை ஒருக்கா அவங்கட முன்னால போட்டுப் பாருங்க.

எனக்கு அந்த ரெண்டு மணி விடியக்காலம் நாலுல இருந்து ஆறு. ஆறு மணிக்கு இடியப்பம் அவிக்க வேணும், ஆறே முக்காலுக்குப் பிள்ளையள் வெளிக்கிட வேணும். குசினி மேசைதான் படிக்கிற மேசை, மற்ற இடத்தில லைட் போட்டா சின்னவள் எழும்பிடுவாள். மாவைக் குழைக்கத் தண்ணி கொதிக்கிற சத்தம் கேட்டா புத்தகத்தை மூடுறது, அதுதான் மணி. 2022 மார்ச்ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்த கிழமையள்ல எமர்ஜென்சி லைட்டை ஊறுகாய்ப் போத்தல்ல சாத்தி வச்சுப் படிச்சன், அந்த வருசம் எழுதின பாடத்தின்ட நோட்ஸ்ல இப்பவும் எண்ணெய் மணம்.

இதில ஒண்டைச் சொல்லாம விட ஏலாது. அந்த ரெண்டு மணி ஆகாயத்தில இருந்து வாறதில்ல, வீட்டில ஆரோ ஒருத்தர் தங்கட நேரத்தில வெட்டித் தாறது. சோதினைக் காலத்தில என்ட மாமிதான் பிள்ளையளைக் குளிப்பாட்டினா, அவவுக்கு அப்ப 68 வயசு, முழங்கால் வருத்தம். ஆம்பிளை திரும்பப் படிக்கப் போனா வீடு தானா ஒதுங்கி நேரம் குடுக்கும், "தம்பி படிக்கிறான், சத்தம் போடாதீங்க" எண்டு. பொம்பிளை படிச்சா வீட்டு வேலை எல்லாம் முடிச்சு மிச்சம் இருந்தா படி எண்ட மாதிரித்தான். இதை முதல்ல இருந்து கதைச்சுப் பேசி, எந்தக் கிழமை ஆர் சமைக்கிறது எண்டு வரைக்கும் தீர்த்து வச்சவங்கதான் முடிச்சாங்க. ஃபீஸ் கட்ட ஏலாம நிண்டவங்களைவிட இந்த ரெண்டு மணி கிடைக்காம நிண்டவங்களைத்தான் நான் கனக்கக் கண்டிருக்கிறன்.

அடுத்தது கடதாசி விசயம், இதிலதான் நான் அடிபட்டது. எத்தினை வருசம் போனாலும் நீங்க பாஸ் பண்ணின பாடம் அழிஞ்சு போறதில்ல, பல்கலைக்கழகத்துப் பதிவில அது இருக்கும். ஆனா அதைப் பாவிக்க ரெண்டு பூட்டு இருக்கு. முதலாவது, பதிவுக்கு உச்ச கால எல்லை உண்டு, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அது மாறும், எல்லை தாண்டினா மேன்முறையீடு எழுதவேணும், இல்லாட்டிப் புதுசாப் பதிய வேணும். ரெண்டாவது, பாடத்திட்டம் மாறியிருக்கும். பழைய முறையில நீங்க எழுதின ஒரு பெரிய பாடம் இப்ப ரெண்டு மூண்டு அலகாப் பிரிஞ்சிருக்கும், எது எதுக்குச் சமம் எண்டு தீர்மானிக்கிறது துறையும் பீடமும், கவுண்டர்ல இருக்கிற கிளார்க் இல்ல. நான் முதல் போன அலுவலகத்தில, பேர் வேண்டாம், "உங்கட ஃபைல் இல்ல, புதுசாப் பதியுங்க" எண்டு ஒரு வசனத்தில முடிச்சிட்டாங்க. நான் அதை நம்பித் திரும்பி வந்தன். ஒண்டரை வருசத்துக்குப் பிறகு இன்னொரு அக்கா சொல்லித்தான் தெரியும், மாணவர் ஃபைல் வேற சோதினைப் பெறுபேற்றுப் பதிவு வேற, ஃபைல் துலைஞ்சாலும் பெறுபேற்றுப் பதிவு பரீட்சைப் பிரிவில இருக்கும் எண்டு. பதிவு நம்பரையும் எழுதின வருசத்தையும் போட்டு எழுத்தில கேட்டன், பதிவுத் தபாலில அனுப்பி ரிசீற்றை வச்சிருந்தன். ஆறு கிழமையில பதில் வந்தது, முதல் பகுதி முழுசா இருந்தது. அதால நான் சொல்றது, வாயால கேட்டு வாயால வந்த "இல்ல"வை நம்பாதீங்க. எழுத்தில கேளுங்க, எழுத்தில வரட்டும். இடம்பெயர்ந்து எல்லாம் இழந்த ஆக்களுக்குக் கையில ஒண்டும் இல்லாட்டிலும் அந்த நம்பர் ஒண்டு போதும்.

வயசு போனா மண்டையில ஏறாது எண்ட பயம் எல்லாருக்கும் இருக்கு. அது பாதி உண்மை. உளவியல்ல ரேமண்ட் கட்டெல் (Raymond Cattell) எண்டவர் அறிவுத்திறனை ரெண்டாப் பிரிச்சார். புது விசயத்தை டக்கெண்டு பிடிக்கிற வேகம் ஒண்டு, சேர்ந்து படிஞ்ச அறிவும் சொல்வளமும் மற்றது. முதலாவது இளம் வயசிலேயே உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கும், ரெண்டாவது அறுபது தாண்டியும் நிக்கும். எனக்கு இது சோதினையிலயே தெரிஞ்சது. ஆண்டுகளையும் பேர்களையும் பாடமாக்கிறது இருபது வயசில ஒரு இரவு, இப்ப ஒரு கிழமை, அதுவும் நாலு நாளைக்கொருக்கா திரும்பப் பார்க்காட்டி பறந்திடும். ஆனா உள்ளூராட்சி பற்றி ஒரு கேள்வி வந்தா இருபது வயசில நோட்ஸ்ல இருந்ததை எழுதினன், நாப்பது வயசில பிரதேச சபைக்கு வரி கட்டின ஆள், தண்ணிக் குழாய்க்கு மனு எழுதின ஆள் எழுதினன். விடையின்ட கனமே வேற.

உண்மையில கஷ்டம் தந்தது மண்டை இல்ல, கையும் கண்ணும். மூண்டு மணித்தியாலம் நிப்பாட்டாமக் கையால எழுதி எத்தின வருசம்? முதல் சோதினையில ரெண்டாவது கேள்வி முடியவே பெருவிரல் அடியில பிடிச்சுக்கொண்டது, நாலாவது கேள்வியின்ட எழுத்தை எனக்கே வாசிக்கக் கஷ்டம், தெரிஞ்ச விடை அது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பழைய கேள்வித்தாள் ஒண்டை வச்சு மணிக்கூடு பார்த்து எழுதினன், ஒரு மாசத்தில கை பழகீட்டுது. கண்ணும் அப்பிடித்தான், நாப்பதைத் தொடேக்க கிட்டப் பார்வை மங்கிறது இயல்பு, அதை அறியாம "படிச்சா தலையிடிக்குது, எனக்கு இது சரிவராது" எண்டு விட்ட ஒரு ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடி ஒண்டு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கடைசிச் சோதினையில மண்டபத்தில என்ட வரிசையில நாலு பேர் கேள்வித்தாள் குடுத்த உடன ஒரே நேரத்தில பேக்கைத் திறந்து வாசிக்கிற கண்ணாடியை எடுத்தம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினம்.

முடிச்சு என்ன கிடைக்கும் எண்டு கேக்கிறதும் நியாயமான கேள்விதான். ஏற்கனவே அரச வேலையில, ஆசிரியர் சேவையில இருக்கிற ஆளுக்குத் தரம் ஏற, போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கப் பட்டம் உதவும். புதுசா வேலைக்குப் போறதெண்டா வர்த்தமானியில வயசெல்லையைப் பார்க்கவேணும், பட்டம் வந்து சேரேக்க எல்லை தாண்டியிருக்கலாம், இதை மறைச்சுச் சொல்றது சரியில்ல. எனக்குச் சம்பளத்தில பெரிய மாற்றம் ஒண்டும் வரேல்ல. ஆனா விண்ணப்பப் படிவத்தில கல்வித் தகைமை எண்ட கோட்டில 17 வருசமா "ஏ எல்" எண்டு எழுதின கையால வேற ஒண்டை எழுதினன். மகள் பக்கத்தில இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த வருசம் அவளுக்கு ஓ எல்.

நிலாவெளி ரோட்டால போற பஸ் கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலைக் கம்பஸ் வாசலைத் தாண்டேக்க முந்தி நான் மற்றப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்ப்பன். 2001ல அந்த வளாகம் வந்தது, அந்த வருசம் நான் ஏ எல் எழுதினன், கொஞ்சப் புள்ளியில தவறினன். இப்ப அந்த வாசலைப் பார்த்துக்கொண்டுதான் போறன்.

நான் முடிச்சது தெரிஞ்ச பிறகு ஆக்கள் கோல் எடுத்துக் கேக்கிறாங்க, மூதூர்ல இருந்து ஒருத்தர், தம்பலகாமத்தில இருந்து ஒரு அக்கா, சல்லியில ஒரு அண்ணன். அவங்களிட்ட நான் முதல்ல கேக்கிறது ஒண்டுதான், "பதிவு நம்பர் ஞாபகம் இருக்கா?" எண்டு. அந்த அக்கா விட்டு 19 வருசம். அவ யோசிக்கேல்ல, ஒரு இலக்கமும் பிசகாம மூச்சு விடாமச் சொன்னா.